முப்பாட்டனைத் தேடுவோர் முதலில் ஊரைப் பிடிக்க வேண்டும்

கேள்வியைச் சுருக்கி இங்கே தருகிறேன்: "எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தா பெயர்வரைதான் தெரியும். அவருடைய தம்பி ஒருவர் கூலி வேலைக்குக் கப்பலேறித் தென்னாப்பிரிக்கா போய்விட்டார் என்று பாட்டி சொல்வார். மேல்நாட்டுக்காரர்கள் நூலகத்தில் உட்கார்ந்தே பத்துத் தலைமுறையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். நம் குடும்பங்களுக்கும் நூலகம், ஆவணக் காப்பகம் வழியாக வம்சாவளி தேட முடியுமா? எங்கே தொடங்குவது?"

முடியும். சாதாரணக் குடும்பத்துக்கு 1860கள்வரை போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதிர்ஷ்டம் இருந்தால் 1800ஐயும் தொடலாம். ஆனால் மேல்நாட்டு முறையை அப்படியே எடுத்துக்கொண்டு இறங்கினால் ஒரே வாரத்தில் சோர்ந்துவிடுவீர்கள். அங்கே குடும்பப்பெயர் என்று ஒன்று அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு மாறாமல் வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு அட்டவணையைப் புரட்டினால் வேலை நடக்கும். நமக்கு அது கிடையாது. முதலெழுத்து ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிவிடும். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் வேறு. ஒரே குடும்பத்தில் முத்துசாமி மகன் கந்தசாமி, கந்தசாமி மகன் முத்துசாமி என்று நூறு வருஷத்துக்கு இரண்டே பெயர் மாறி மாறி வரும். அந்த ஊரிலேயே இன்னும் நான்கு முத்துசாமிகள் இருப்பார்கள்.

நம் பதிவேடுகளில் மாறாமல் இருப்பது ஊரும் நிலமும்தான். அரசு ஆவணங்கள் ஜில்லா, தாலுகா, கிராமம், சர்வே எண் என்ற வரிசையில் கட்டப்பட்டிருக்கின்றன. ஆள் பெயருக்கு அட்டவணை இருப்பது அபூர்வம். அதனால் நூலகத்துக்குப் போகும் முன் உங்கள் கையில் இருக்க வேண்டியது ஊரின் சரியான பெயர், அது அன்றைக்கு எந்தத் தாலுகாவில் இருந்தது, ஏறக்குறைய எந்த வருஷம் என்ற மூன்றும்தான். பூட்டன் பெயர் நான்காவதாக வந்தால் போதும்.

சரி, இந்த மூன்றும் எங்கே கிடைக்கும்? வீட்டில்தான். பீரோவிலும் பரணிலும் உள்ள எல்லாக் காகிதத்தையும் ஒரு முறை இறக்கிப் பாருங்கள். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், ஜாதகம், பள்ளிக்கூட டி.சி., பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம், வரி ரசீது, பழைய பாஸ்போர்ட் எதையும் ஒதுக்காதீர்கள். இவற்றில் நான் மிக உயர்வாக மதிப்பது மொய் நோட்டை. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய மொய் நோட்டு ஒன்று கிடைத்துவிட்டால் உறவு முழுவதும் ஊர் பெயரோடு எழுதிக் கையில் கொடுத்தது மாதிரி. எந்த ஊரிலிருந்து நிறையப் பேர் வந்து மொய் எழுதினார்களோ அந்த ஊரில் உங்கள் குடும்பத்தின் ஒரு வேர் இருக்கிறது.

பெரியவர்களிடம் கேட்கும்போது "உங்க தாத்தாவோட அப்பா பேரு என்ன?" என்று தொடங்காதீர்கள். தெரியாது என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். குலதெய்வம் எங்கே, பங்காளிகள் யார் யார், பெண் எடுத்த ஊர் எது, பெண் கொடுத்த ஊர் எது, எந்தக் கிணற்றில் நமக்குப் பங்கு இருந்தது, எதற்காக ஊரைவிட்டு வந்தோம் என்று கேளுங்கள். பதில் கதையாக வரும், அந்தக் கதைக்குள் பெயரும் வந்து விழும். பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர்கள் சொல்லும் வருஷக் கணக்கையும் அலட்சியம் செய்யாதீர்கள். "தாது வருஷப் பஞ்சத்தில் வந்தோம்" என்று ஒரு கிழவி சொன்னால் அது 1876–78. தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பும். ஜாதகத்தில் விரோதி வருஷம் என்றிருந்தால் 1889–90 ஆகவும் இருக்கலாம், 1949–50 ஆகவும் இருக்கலாம். எது என்பதைப் பிறந்தவரின் பிள்ளைகள் வயதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நெல்லை, குமரிப் பக்கத்து ஓலைகளில் கொல்லம் ஆண்டு இருக்கும். அதோடு 825ஐக் கூட்டுங்கள், ஆவணியிலிருந்து மார்கழி நடுவரை என்றால் 824. வருவாய்த் துறைக் கணக்கு முழுவதும் பசலியில் ஓடும். ஜூலையில் தொடங்கும் அந்த ஆண்டோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1300 என்றால் 1890–91.

அடுத்து குலதெய்வக் கோயில். நூலகத்தைப் பற்றிக் கேட்டால் கோயிலுக்கு அனுப்புகிறானே என்று நினைக்க வேண்டாம். தலைக்கட்டு வரி வசூலிக்கும் கோயில்களில் பங்காளிகள் பெயரை எழுதிய நோட்டு இருக்கும். திருமணமானால் ஒரு தலைக்கட்டு கூடும், அதனால் ஒவ்வொரு திருமணமும் அதில் தெரியும். நகரத்தாரிடம் இது இன்னும் ஒழுங்காக இருக்கிறது. ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயிலைச் சேர்ந்தவரோ அங்கே திருமணத்தைப் பதிந்து, புதிய குடும்பத்தை ஒரு புள்ளியாகக் கணக்கில் சேர்ப்பார்கள். உங்கள் சமூகத்தில் இப்படி ஏதாவது வழக்கம் உண்டா என்று விசாரியுங்கள். கோயில் நோட்டைப் படம் எடுக்கும் முன் நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். அதில் உயிரோடு இருப்பவர்களின் விவரமும் இருக்கும்.

இனி நிலம். நம் தேடலில் மிக வளமான பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கையில் ஒரு பட்டா இருந்தால் அதில் உள்ள சர்வே எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்கலாம். கிராமத்து நிலங்களைப் பட்டியலிடும் இன்றைய 'அ' பதிவேட்டில் பழைய எண்ணும் புதிய எண்ணும் இருக்கும். அதற்கு முன்னால், நிலத்தை அளந்து வரி நிர்ணயித்தபோது எழுதிய செட்டில்மென்ட் பதிவேடுகள். நிலம் அளப்பவர்களும் பத்திரம் எழுதுபவர்களும் ஓ.எஸ்.ஆர்., ஆர்.எஸ்.ஆர்., எஸ்.எல்.ஆர். என்று சொல்வது இவற்றைத்தான். பழைய செட்டில்மென்ட், மறு செட்டில்மென்ட், செட்டில்மென்ட் நிலப் பதிவேடு என்பவை அவை. இவற்றில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் அன்றைய பட்டாதாரர் பெயர் இருக்கும். இரண்டு பதிவேடுகளில் ஒரே எண்ணைப் பார்த்து, முதலில் இன்னார் பெயரில், அடுத்து இன்னார் பெயரில் என்று வந்தால், அவர்கள் அப்பா–பிள்ளையா, விற்றவர்–வாங்கியவரா என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சார்பதிவாளர் அலுவலகத்தில் உள்ள பத்திர நகலில் இருக்கும். அசையாச் சொத்துப் பத்திரங்களின் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கப் பதிவுச் சட்டம் இடம் தருகிறது. பழைய பத்திரங்களின் முதல் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். "இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்" என்று எழுதி, சொத்து எப்படி வந்தது என்று இரண்டு தலைமுறைக் கதையையே சொல்லிவிடுவார்கள். எல்லை சொல்லும் இடத்தில் பக்கத்து நிலத்துக்காரர் பெயர் வரும். பெரும்பாலும் அவர் பங்காளியாகத்தான் இருப்பார்.

உங்கள் ஊர் ஜமீன் கிராமமாக இருந்திருந்தால் நேரடி அரசுப் பதிவேடு பிந்தித்தான் தொடங்கும். 1948 சட்டத்தால் ஜமீன்கள் ஒழிக்கப்பட்ட பிறகுதான் அங்கே அரசு செட்டில்மென்ட் நடந்தது. அதற்கு முந்தைய கணக்கு ஜமீன் கச்சேரியோடு போனது. ஆக, ஊர் ரயத்துவாரியா (விவசாயி அரசுக்கே நேராக வரி கட்டிய ஊர்), ஜமீனா, இனாமா (மானிய நிலம்) என்பதை முதலில் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

இனாம் என்றால் எனக்குச் சந்தோஷம். சென்னை மாகாணத்தில் 1858இல் இனாம் கமிஷன் அமைத்து, மானியமாக நிலம் அனுபவித்தவர் ஒவ்வொருவரையும் விசாரித்தார்கள். யார் கொடுத்தது, முதலில் வாங்கியவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவருடைய வயது என்ன, முதலில் வாங்கியவருக்கு இவர் என்ன உறவு என்று பத்தி பிரித்து எழுதினார்கள். 1860களில் எழுதிய ஒரு பக்கத்திலிருந்து 1700கள்வரை உள்ள பெயர்கள் சில சமயம் கிடைத்துவிடும். இனாம் என்றால் கோயிலுக்கும் பிராமணருக்கும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஊழிய மானியம் என்று ஒன்று இருந்தது. தலையாரி, வெட்டியான், தச்சர், கொல்லர், குயவர், நாவிதர், வண்ணார் என்று ஊருக்கு வேலை செய்தவர்களுக்கும் துண்டு நிலம் உண்டு, அவர்கள் பெயரும் அந்தப் பதிவேட்டில் உண்டு. அவர்களுடைய கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன்.

இந்தப் பதிவேடுகளும் வருவாய்த் துறையின் பழைய கோப்புகளும் இருப்பது சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். 1909இல் சென்னை ஆவண அலுவலகமாகத் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் 1670கள்வரை பின்னோக்கிப் போகும் தொகுதிகள் அங்கே இருக்கின்றன. அங்கே போய் "எங்கள் வம்சாவளி வேண்டும்" என்று கேட்டால் ஊழியருக்கு என்ன எடுத்துக் கொடுப்பது என்று தெரியாது. "இன்ன ஜில்லா, இன்ன தாலுகா, இன்ன கிராமம், இனாம் பதிவேடு" என்று எழுதிக் கேட்டால் தேட முடியும். கேட்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. ஜில்லா எல்லைகள் பல முறை மாறியிருப்பதால், உங்கள் ஊர் இன்று விழுப்புரத்தில் இருந்தாலும் அன்றைய பதிவு தென்னார்க்காட்டில்தான் இருக்கும். அரியலூர்க்காரர் திருச்சிராப்பள்ளியிலும் விருதுநகர்க்காரர் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலும் தேட வேண்டும். பழைய ஜில்லா கையேடுகளும் கிராமப் பட்டியல்களும் இதற்குத் துணை. அவற்றை நூலகத்தில் பார்த்துவிட்டுப் பிறகு காப்பகத்துக்குப் போங்கள்.

ஊரிலேயே ஒரு வழி உண்டு. கர்ணம், முன்சீப் பதவிகள் பரம்பரையாக வந்தவை. 1980இல் அரசு அவற்றை ஒழித்தது. சில பழைய கர்ணம் வீடுகளில் தாத்தா காலத்துக் கணக்குக் கட்டுகள் இன்னும் பரணில் கிடக்கின்றன. மரியாதையாகப் போய்க் கேட்டால் காட்டுவார்கள்.

நிலமே இல்லாத குடும்பம் என்றால்? இந்தக் கேள்வியை வம்சாவளி பற்றிப் பேசுகிறவர்கள் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பண்ணையில் வேலை செய்த லட்சக்கணக்கான குடும்பங்கள் எந்தப் பட்டாவிலும் இல்லை. அவர்களுக்கு வேறு வாசல்கள் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க அரசு உத்தரவிட்டது. பஞ்சமி நிலம், டி.சி. (டிப்ரஸ்டு கிளாஸ்) நிலம் என்பது அதுதான். ஒதுக்கீடு பெற்றவர்கள் பெயர் வருவாய்ப் பதிவில் உண்டு. கிராமத்தின் பிறப்பு–இறப்புப் பதிவேடு எல்லாருக்கும் பொது. சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அடிப்படை. குழந்தை பெயர் இல்லாமல் 'ஆண்', 'பெண்' என்று மட்டும் எழுதியிருப்பார்கள், ஆனால் அப்பா பெயரும் தேதியும் இருக்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். முதல் உலகப் போரில் தொழிலாளர் படையிலோ பட்டாளத்திலோ சேர்ந்து இறந்தவர் இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பல பெயர்களோடு அப்பா பெயரும் ஊரும் இருக்கின்றன. இன்னொரு பெரிய வாசல் கப்பல் பதிவேடு. அதற்குப் பிறகு வருகிறேன்.

கிறித்தவக் குடும்பங்களுக்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு ஒரு பொக்கிஷம். பெற்றோர் பெயரோடு ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும். கத்தோலிக்கப் பதிவேடுகளில் பின்னாளில் நடந்த திருமணத்தையும் அதே பக்கத்தின் ஓரத்தில் குறித்து வைக்கும் வழக்கம் உண்டு. மதுரை மிஷன் காகிதங்கள் கொடைக்கானல் செண்பகனூரில் உள்ள இயேசு சபைக் காப்பகத்தில் இருக்கின்றன. தரங்கம்பாடி லூத்தரன் மிஷன் 1706இல் தொடங்கியது, அதன் கடிதங்களும் குறிப்புகளும் ஜெர்மனியின் ஹாலே நகரில் ஃபிராங்கே நிறுவனத்தில் உள்ளன. ஆங்கிலேய திருச்சபைப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் சென்னைக்கென்று தனி வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் என்றாலும் இந்தியக் கிறித்தவர் பெயர்களும் இடையிடையே வரும்.

புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் பாக்கியசாலிகள். பிரெஞ்சு அரசு பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் சிவில் பதிவாக வைத்திருந்தது. அந்தப் பதிவேடுகளைப் பிரான்ஸின் எக்ஸ் ஆன் புரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. 1881 ஆணையின்படி தங்கள் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப்பெயரை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கிளைகளை மட்டும் மேல்நாட்டு முறையிலேயே தேடலாம்.

இப்போது நூலகங்கள். சென்னை கன்னிமாரா பொது நூலகம் 1896இல் திறக்கப்பட்டது. நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதி சட்டப்படி வந்து சேரும் நூலகம் அது. பழைய அரசிதழ்கள், மாகாண டைரக்டரிகள், செய்தித்தாள் தொகுதிகள் அங்கே பார்க்க வேண்டியவை. உங்கள் தாத்தா ஆசிரியராகவோ குமாஸ்தாவாகவோ போலீஸ்காரராகவோ இருந்தால் அரசிதழில் நியமனம், மாறுதல், தேர்ச்சிப் பட்டியல் என்று எங்காவது பெயர் வந்திருக்கும். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் கோட்டையூர் முத்தையா வாழ்நாள் முழுவதும் சேர்த்த சேகரிப்பிலிருந்து 1994இல் உருவானது. புத்தகங்களோடு அழைப்பிதழ், துண்டுப் பிரசுரம் போன்றவற்றையும் அவர் சேர்த்தார். சாதிச் சங்க மாநாட்டு மலர்கள், ஊர் வரலாறுகள், சமூக இதழ்கள் ஆகியவற்றில் குடும்ப விவரம் எதிர்பாராமல் அகப்படும். அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் கம்பெனி காலத்து நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி திரட்டிய கைபீதுகள், அதாவது ஊராரிடம் கேட்டு எழுதிய வரலாற்றுக் குறிப்புகள், இருக்கின்றன. பாளையக்காரர் வம்சாவளிகளும் கிராம வரலாறுகளும் அவற்றில் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புகள் போன்ற வீட்டு ஆவணங்களைப் படமாக்கியது. இணையத்தில் பார்க்கலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபேமிலி சர்ச் என்பது வம்சாவளி தேடும் இலவச இணையத் தளம். சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த அமைப்பு தன்னிடம் இருந்த ஏறத்தாழ 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களைப் படமாக்கும் வேலையை 2021இல் முடித்தது. பெயரைத் தட்டித் தேடி எதுவும் வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். அட்டவணை போடாத படங்கள் ஏராளம். இடப்பெயர் வழியாக அதன் கேட்டலாக்கில் நுழைந்து பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். சில படங்கள் அதனோடு இணைந்த நூலகத்தில் உட்கார்ந்தால் மட்டுமே திறக்கும். அமெரிக்கா, கனடா, பிரிட்டனில் பல ஊர் நூலகங்கள் ஆன்செஸ்ட்ரி போன்ற கட்டணத் தளங்களை உறுப்பினர்களுக்கு நூலகத்துக்குள் இலவசமாகத் தருகின்றன. சந்தா கட்டும் முன் அங்கே கேட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் தேட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வீட்டுவாரிப் படிவங்கள் பொதுமக்களுக்குக் கிடைப்பதால் வம்சாவளி நூல்கள் எல்லாம் அதிலிருந்தே தொடங்கும். இந்தியாவில் ஆள்வாரிப் படிவங்கள் அப்படிக் கிடைப்பதில்லை. நமக்கு மிஞ்சியிருப்பவை மொத்தக் கணக்கு அட்டவணைகள். உங்கள் ஊரில் 1901இல் எத்தனை வீடு என்று தெரியும், யார் வீடு என்று தெரியாது.

உங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பிக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்கா என்றால் பெரும்பாலும் டர்பன் துறைமுகம் இருக்கும் நேட்டால் பகுதி. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1911வரை மொத்தம் 1,52,184 பேர் போனார்கள், அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாக. ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண். எண்ணுக்கு எதிரே பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம், கப்பல், வேலைக்கு எடுத்தவர் என்று எழுதியிருக்கிறார்கள். "இடது முழங்காலில் தழும்பு" என்று ஒரு வரியைப் படிக்கும்போது அந்த மனிதர் எதிரே வந்து நிற்பது போல இருக்கும். பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும்கூடத் தனி எண் உண்டு. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விதி இருந்ததால் பெண்கள் பெயர் ஆயிரக்கணக்கில் அங்கே இருக்கிறது. நம் வம்சாவளிகள் பெண்களை எழுதாமலே விட்டவை. ஒரு பாட்டியின் பெயரும் அவள் அப்பா பெயரும் ஊரும் ஒரே வரியில் கிடைக்கும் இடம் என்னைப் பொறுத்தவரை இதுதான். இந்தப் பட்டியல்களைக் குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையத்தின் வழியாகத் தேடலாம்.

பெயரை மட்டும் நம் எழுத்தில் நினைத்துக்கொண்டு தேடாதீர்கள். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். முனுசாமி மூன்சாமி ஆகியிருப்பார், ரங்கசாமி ருங்காசாமி ஆகியிருப்பார். முதலி மூட்லி ஆகிவிட்டது, கவுண்டர் கோவெண்டர் ஆகிவிட்டது. பெயரை வாய்விட்டுச் சொல்லி, தமிழ் தெரியாத ஒருவர் எப்படி எழுதியிருப்பார் என்று பத்து விதமாக எழுதிப் பாருங்கள். ஊரும் அப்படியே. செங்கல்பட்டு சிங்கிள்பெட், திருநெல்வேலி டின்னவெல்லி, தஞ்சாவூர் டாஞ்சோர். சாதிப் பத்தியை வைத்து மட்டும் எதையும் உறுதி செய்யாதீர்கள். போனவர்களில் பலர் அதை மாற்றிச் சொன்னார்கள், எழுதியவர்களும் தவறாக எழுதினார்கள்.

இதற்காகத்தான் ஊரைப் பிடிக்கச் சொன்னேன். பட்டியலில் இருபது கந்தசாமி இருக்கலாம். உங்கள் கிராமத்துக் கந்தசாமி ஒருவரோ இருவரோதான் இருப்பார். அந்த ஊரிலிருந்து அதே கப்பலில் போன மற்றவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பஞ்ச காலத்தில் கூட்டமாகத்தான் கிளம்பினார்கள்.

மொரீஷியஸ் என்றால் 1834 முதல் உள்ள குடியேற்ற ஆவணங்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. சிலருக்குப் புகைப்படமும் உண்டு. ஃபிஜிக்குச் சென்னை வழியாக ஆள் போனது 1903 முதல். அங்கே ஒவ்வொருவருக்கும் குடியேற்றச் சீட்டு உண்டு. குவாதலூப், மார்த்தினிக், ரீயூனியன் போனவர்களுக்குப் பிரெஞ்சுப் பதிவுகள். மலாயாவும் பர்மாவும் கடினம். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிக்கொண்டு போனதால் இப்படி ஆள்வாரிப் பேரேடு கிடைப்பதில்லை, தோட்டத்துக் காகிதங்களையும் கோயில் கல்வெட்டுகளையும் நம்ப வேண்டும்.

இலங்கை மலையகக் குடும்பங்களும் கங்காணி வழியாகப் போனவைதான். ஆனால் 1949 குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தபோது குடும்ப விவரத்தையெல்லாம் திரட்டி எழுத வேண்டியிருந்தது. 1964 ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று முடிவானபோது இன்னொரு சுற்று ஆவணங்கள் உருவாயின. தாயகம் திரும்பிய குடும்பங்களின் பழைய அட்டைகளையும் பாஸ்போர்ட்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள். யாழ்ப்பாணத்தாருக்கு டச்சுக்காரர் காலத்துத் தோம்புகள், அதாவது நிலப் பதிவேடுகள், உண்டு. அதைவிட எளிதில் கிடைப்பது அங்கே ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் வெளியிடும் நினைவு மலர். கல்வெட்டு என்றே சொல்வார்கள். அதில் வம்சாவளிப் படமே அச்சாகியிருக்கும். 1981இல் யாழ் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. அதில் போனவை போய்விட்டன. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணையத் திட்டம் வீடு வீடாகக் கிடந்த நினைவு மலர்களையும் சேர்த்துப் படமாக்கி வைத்திருக்கிறது.

கடைசியாக, எனக்கு நடந்த ஒன்று. என் அம்மா வழிப் பூட்டனைப் பதிவேட்டில் கண்டுபிடித்துவிட்டேன் என்று நம்பி இரண்டு மாதம் அவருடைய அப்பா, தாத்தா என்று மேலே போனேன். பெயர் சரி, ஊர் சரி. பிறகு ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அவருடைய சகோதரர்கள் பெயரைப் பார்த்தபோதுதான் அவர் வேறு வீட்டுக்காரர் என்று தெரிந்தது. அன்றிலிருந்து பெயரும் ஊரும் ஒத்துவந்தால் போதாது, அப்பா, அண்ணன் தம்பி, சர்வே எண், குலதெய்வம் இவற்றில் இன்னும் ஒன்றாவது ஒத்துவர வேண்டும் என்று வைத்திருக்கிறேன். எந்தப் பக்கத்தில் எடுத்தேன் என்று அந்த இடத்திலேயே எழுதிக்கொள்கிறேன். பதிவேட்டின் பெயர், தொகுதி, பக்கம், பார்த்த தேதி. தேடிப் பார்த்து இல்லை என்று தெரிந்த பதிவேட்டையும் எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதையே மறுபடி கேட்டு வாங்கிப் பார்ப்போம்.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, பாட்டியிடம் அந்தத் தம்பியின் பெயரையும், அவர் போனது பஞ்சத்துக்கு முன்னா பின்னா என்பதையும், அவர்கள் அப்பா பெயரையும் கேட்டு எழுதுவது. அன்றைய ஜில்லாவும் தாலுகாவும் தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். நேட்டால் பட்டியலில் அந்தக் கிராமத்துப் பெயர்களைச் சேர்ந்தே பார்க்கலாம்.